பழையாறும் புத்தனாறும்: குமரி மாவட்டத் தண்ணீரின் பெயர்கள்

பேச்சிப்பாறை அணையில் மறுகால் (அணை நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழி) திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால் சுசீந்திரத்தில் இருப்பவர்கள் பதற வேண்டியதில்லை. குழித்துறையில் இருப்பவர்கள்தான் வீட்டுச் சாமானை மேலே ஏற்ற வேண்டும். அதே அணையில் ஜூன் மாதம் பாசன மதகைத் திறந்தால் கதை மாறும். அந்தத் தண்ணீர் சுசீந்திரம், தேரூர் வயல்களுக்குப் போய்ச் சேரும். குழித்துறைப் பாலத்தில் நின்று பார்த்தால் ஆற்றில் பெரிய வித்தியாசம் தெரியாது. எந்தத் தண்ணீர் எந்தப் பெயரில் எங்கே போகிறது என்பது பிடிபடாததால்தான் ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் வாட்ஸாப் குழுக்களில் வேண்டாத இடத்தில் பீதி கிளம்புகிறது, வேண்டிய இடத்தில் எச்சரிக்கை வந்து சேர்வதில்லை.

குழப்பத்தில் பாதி, பெயர்கள் உண்டாக்கியது. குமரி மாவட்டத்தில் ஆற்றுக்கு வரைபடத்தில் ஒரு பெயர், ஊர்க்காரர் வாயில் ஒரு பெயர், பத்திரத்தில் ஒரு பெயர். வெட்டிய கால்வாய்க்கும் ஆறு என்றே பெயர். கடலில் சேரும் ஆறுகளில் பெரியவை மூன்று: மேற்கே குழித்துறை ஆறு, நடுவில் வள்ளியாறு, கிழக்கே பழையாறு. முதலாவது தேங்காய்ப்பட்டணத்தில் கடலைத் தொடுகிறது, இரண்டாவது கடியபட்டணத்தில், மூன்றாவது மணக்குடியில்.

குழித்துறை ஆறு அரசுப் பதிவுகளில் தாமிரபரணி. வெளியூர்க்காரர்கள் தடுமாறுவது இங்கேதான். திருநெல்வேலித் தாமிரபரணி பொதிகையில் பிறந்து கிழக்கே ஓடிப் புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவில் சேர்வது. இலக்கியத்தில் பொருநை என்று வருவது. நம்முடைய தாமிரபரணி மேற்கே ஓடுவது. இரண்டுக்கும் சம்பந்தம் பெயர் மட்டும்தான். 'தாமிரபரணியில் வெள்ளம்' என்று தொலைக்காட்சியில் ஓடும் ஒற்றை வரியை வைத்துக்கொண்டு மார்த்தாண்டத்தில் இருக்கும் சொந்தக்காரருக்குப் போன் போடுபவர்கள் உண்டு. பெரும்பாலும் அந்த வரி திருநெல்வேலியைப் பற்றியதாக இருக்கும். அதனால் குழித்துறைத் தாமிரபரணி என்று ஊரையும் சேர்த்து எழுதுவதுதான் சரி. ஊர்க்காரர்கள் இந்தச் சிக்கலுக்கே போவதில்லை. குழித்துறை ஆறு என்பார்கள். இன்னும் மேலே திருவட்டாறு பக்கம் போனால் வெறும் 'ஆறு'. ஆடி அமாவாசைக்குக் குழித்துறை ஆற்றங்கரையில் முன்னோருக்குப் பலி போடுகிற கூட்டமும் அதையொட்டி நடக்கும் வாவுபலிப் பொருட்காட்சியும் ஊருக்கு அடையாளம். அந்த விளம்பரத் தட்டிகளில் மட்டும் ஆறு முழுப்பெயரோடு தாமிரபரணியாக நிற்கும்.

இந்த ஆறு தனி ஆறாகப் பிறப்பதில்லை. கோதையாறும் பறளியாறும் திருவட்டாறுக்குப் பக்கத்தில் மூவாற்றுமுகத்தில் கூடிய பிறகுதான் தாமிரபரணி என்ற பெயர் தொடங்குகிறது. கோதையாற்றைக் குறுக்கே மறித்தது பேச்சிப்பாறை அணை. பறளியாற்றை மறித்தது பெருஞ்சாணி அணை. திற்பரப்பு அருவி கோதையாற்றில் இருப்பது. மாத்தூர் தொட்டிப்பாலம் கடப்பது பறளியாற்றை. இந்த நான்கையும் மனதில் ஏற்றிக்கொண்டால் மீதி வரைபடம் தானாக விளங்கும்.

எழுத்துக்கூட்டலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய ஆவணங்களைத் தேடுபவர்கள் பரளி, பறளி என்று இரண்டு வடிவத்திலும் தேட வேண்டும். இரண்டும் புழக்கத்தில் உள்ளவை. கோதையாற்றுக்கு நேர்ந்தது இன்னும் மோசம். ஆங்கிலத்தில் எழுதிய பெயரைத் தமிழுக்குத் திரும்பக் கொண்டுவருகிறவர்கள் 'கோடையார்' என்று எழுதிவிடுகிறார்கள். கோடைக்கும் இந்த ஆற்றுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. 60 மெகாவாட், 40 மெகாவாட் என இரண்டு நீர்மின் நிலையங்கள் இந்த ஆற்றில் இருப்பதால் மின்வாரியச் செய்திகளில் இந்தப் பிழை அடிக்கடி கண்ணில் படும்.

திருவட்டாறு என்ற ஊர்ப்பெயரிலேயே ஆறு இருக்கிறது. கேசி என்ற அசுரனின் மனைவி ஆசுரி கங்கையை வேண்ட, கங்கை தாமிரபரணியோடு பெருகி வர, பூமாதேவி பெருமாள் கிடக்கும் இடத்தை உயர்த்திவிட, ஆறுகள் வட்டமாகச் சுற்றிப் போயின என்பது தலபுராணம். ஆதிகேசவப் பெருமாள் கோயிலைச் சுற்றி ஆறுகள் வளைவது உண்மை, மேட்டில் கோயில் நிற்பதும் உண்மை. ஆனால் பழைய வடிவம் 'வட்டாறு' இல்லை, 'வாட்டாறு'. நம்மாழ்வார் பாடியது திருவாட்டாறு. அதற்கும் முன்னால் புறநானூற்றின் 396ஆம் பாட்டில் மாங்குடி கிழார் பாடும் தலைவனின் பெயர் வாட்டாற்று எழினியாதன். நெடில் குறிலானதும் வட்டம் உள்ளே புகுந்துவிட்டது, புராணம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. இது என் கணிப்பு. சுற்றி ஓடும் ஆற்றைக் கண்ணால் பார்க்கிறவர்களிடம் இதைச் சொல்லி வெல்ல முடியாது.

பறளியாற்றுக்கு இதைவிடப் பெரிய கனவு ஒன்று உண்டு. சங்க இலக்கியத்தின் பஃறுளி ஆறு இதுதான் என்பார்கள். புறநானூறு 9இல் நெட்டிமையார் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை வாழ்த்தும்போது 'நன்னீர்ப் பஃறுளி மணலினும் பலவே' என்கிறார். சிலப்பதிகாரம் அந்த ஆற்றோடு பன்மலை அடுக்கத்துக் குமரிக்கோடு என்ற மலையையும் கடல் கொண்டது என்கிறது. உரைகாரர் அடியார்க்குநல்லார் பஃறுளி ஆற்றுக்கும் குமரி ஆற்றுக்கும் நடுவே 700 காவதம், அதில் 49 நாடுகள் என்று கணக்கே கொடுத்துவிடுகிறார். ஒலி ஒத்துப்போவது ஆசையைத் தூண்டும்தான். ஆனால் கடல் கொண்டதாகச் சொல்லும் ஆறு இன்றைக்குப் பெருஞ்சாணியில் அணை கட்டும்படி ஓடிக்கொண்டிருக்க முடியாது. பறளியாறு தன் பெயரோடு கடலைத் தொடுவதும் இல்லை. மூவாற்றுமுகத்தோடு அதன் பெயர் முடிந்துவிடுகிறது. பழைய பெயரின் நினைவில் புதிய ஆற்றுக்குப் பெயரிட்டார்கள் என்று வேண்டுமானால் வாதிடலாம். அதுவும் வாதம்தான், சான்றில்லை. பள்ளி ஆண்டு மலர்களில் இதை உறுதியான உண்மையாக எழுதுவதை நிறுத்தினால் நல்லது.

இனி பழையாறு. இந்த மாவட்டத்தின் நீர் வரலாற்றில் சுவையான பகுதி இதுதான். சுருளகோட்டுப் பக்கம் தொடங்கி, பூதப்பாண்டி, தாழக்குடி, வீரநாராயணமங்கலம் வழியாக வந்து, நாகர்கோவிலை ஒழுகினசேரியில் உரசி, சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்குப் பக்கமாகப் போய் மணக்குடிக் காயலில் முடியும் சின்ன ஆறு. இதன் சொந்த நீர்ப்பிடிப்பு, நாஞ்சில் நாட்டின் (தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதி) இருபோக நெல்லுக்குப் போதுமானதில்லை. வேறோர் ஆற்றின் தண்ணீரைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பறளியாற்றின் குறுக்கே ஓர் அணை போட்டு, நடுவிலிருக்கும் மேட்டை வெட்டி, தண்ணீரைப் பழையாற்றில் கொண்டுவந்து விட்டார்கள். அந்த அணை பாண்டியன் அணை, அந்தக் கால்வாய் பாண்டியன் கால். பாண்டிய மன்னர் செய்த வேலை என்பது வழிவழியாக வரும் செய்தி. பெயரே அதைச் சுமந்து நிற்கிறது. ஓர் ஆற்றுப் படுகையிலிருந்து இன்னோர் ஆற்றுப் படுகைக்குத் தண்ணீரைத் தாண்டவைப்பதைப் பெரியாறு அணையின் பெருமையாகவே நாம் படித்திருக்கிறோம். இங்கே அதற்குப் பல நூறு ஆண்டு முன்பே அது நடந்திருக்கிறது.

ஆக, நாஞ்சில் நாட்டில் பழையாற்றுத் தண்ணீர் என்று பாய்வதில் பெரும்பங்கு பறளியாற்றுத் தண்ணீர். பிறகு பேச்சிப்பாறை வந்ததும் கோதையாற்றுத் தண்ணீரும் சேர்ந்துகொண்டது. பேச்சிப்பாறையின் பாசன மதகிலிருந்து கோதையாறு இடதுகரைக் கால்வாய் கிளம்பிப் பறளியாற்றுக்கு வந்து, புத்தன் அணையில் பெருஞ்சாணித் தண்ணீரோடு சேரும். அங்கிருந்து இரண்டு வழி. ஒன்று பாண்டியன் கால். அது பழையாற்றுப் பக்கம் போகும், பிறகு தோவாளை சானல், அனந்தனார் சானல் என்று பிரியும். மற்றொன்று பத்மநாபபுரம் புத்தனாறு. ஊர்க்காரர் வாயில் பிபி சானல். பழையாற்றிலிருந்து பிரியும் நாஞ்சில்நாடு புத்தனாறு, என்பி சானல்.

பழையாறு என்று ஓர் ஆற்றுக்குத் தானாகப் பெயர் வராது. எதிரே புதியது ஒன்று வந்தால்தான் இருப்பது பழையதாகும். புத்தனாறு என்றால் புதிய ஆறு. வெட்டிய கால்வாயை ஆறு என்றே அழைத்தார்கள். புத்தனாறுகள் வந்ததால் பழைய ஓடுகால் பழையாறானது என்று எடுத்துக்கொள்வதே பொருத்தமாகப் படுகிறது. ஒரு புத்தனாற்றின் பெயருக்கு வயதும் சொல்லலாம். கல்குளம் என்ற ஊருக்குப் பத்மநாபபுரம் என்று மார்த்தாண்ட வர்மா பெயர் மாற்றியது 1744இல். எனவே பத்மநாபபுரம் புத்தனாறு என்ற பெயர் அதற்கு முன்னால் இருந்திருக்க வழியில்லை. குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது 1741. போர் முடிந்து, தலைநகருக்குப் புதுப்பெயர் வைத்து, அதன் பிறகே அந்தக் கால்வாய்க்கு இந்தப் பெயர்.

அப்படியானால் பழையாற்றின் பழைய பெயர் என்ன? கோட்டாறு என்ற ஊரைப் பாருங்கள். வாட்டாறு போலவே ஊருக்குள் ஓர் ஆறு. கோடுதல் என்றால் வளைதல். வளைந்த ஆறு கோட்டாறு. முதலாம் குலோத்துங்கன் தென்திசையில் நிலைப்படை வைத்த இடங்களில் கோட்டாறு ஒன்று. ஆறு கோட்டாறு, அதன் கரை ஊரும் கோட்டாறு என்று இருந்து, பிறகு ஊர் பெயரை வைத்துக்கொண்டு ஆறு மட்டும் 'பழைய'தாகிப் போனது என்பதே என் வாசிப்பு. நாகராஜா கோயில் பெயரில் வளர்ந்த நாகர்கோவில் இன்று அந்தக் கோட்டாற்றையும் ஒரு பேட்டையாக உள்ளே வாங்கிக்கொண்டுவிட்டது.

பழையாற்றின் குறுக்கே பெரிய அணை எதுவும் இல்லை. தண்ணீரைத் தேக்கி அக்கம்பக்கத்துக் கால்களுக்குத் திருப்பும் சின்னத் தடுப்பணைகள்தான்: சபரி அணை, சோழன்திட்டை அணை, பிள்ளைபெத்தான் அணை, மிஷன் அணை என்று வரிசையாக. பெயர்களைச் சேர்த்து வாசித்தால் பாண்டியனும் சோழனும் பாதிரிமார்களும் ஒரே தண்ணீரைத் தொட்டிருப்பது தெரியும். இந்த அணைகள் உயரம் குறைவானவை. மேல்பக்கம் வண்டல் அடைத்து ஆகாயத்தாமரை மூடிவிட்டால், தண்ணீர் சானலுக்குள் ஏறாமல் மேலே வழிந்து ஓடிவிடும். ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, கடைவரம்பு வயல் காய்கிறது என்று விவசாயிகள் மனு கொடுக்கும்போது, பல சமயம் அணையில் தண்ணீர் போதாமல் இல்லை, தலைமதகில் அடைப்பு.

பேச்சிப்பாறை அணையின் வேலை 1897இல் தொடங்கி 1906இல் முடிந்தது. திருவிதாங்கூரில் மூலம் திருநாள் ஆட்சி. பொறியாளர் அலெக்சாண்டர் மிஞ்சின். 1913இல் இறந்தார், அவர் சமாதி அணைப் பக்கத்திலேயே இருக்கிறது. பேச்சி அம்மனின் பாறை என்ற பெயர் அப்படியே அணைக்கும் நின்றுவிட்டது. அரசர் பெயரோ துரை பெயரோ ஒட்டவில்லை, நல்லவேளை. பெருஞ்சாணி 1950களின் தொடக்கத்தில் வந்தது. பிறகு சிற்றாறு 1, சிற்றாறு 2.

தினமும் காலையில் செய்தித்தாளில் வரும் அணை மட்டத்தை வாசிக்கும் முறை இது. முழு அளவு: பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி, சிற்றாறு ஒவ்வொன்றும் 18 அடி, பொய்கை 42.65 அடி, மாம்பழத்துறையாறு 54.12 அடி, முக்கடல் 25 அடி. பெருஞ்சாணி 77, பேச்சிப்பாறை 48 என்பதால் பெருஞ்சாணிதான் பெரியது என்று நினைக்கக் கூடாது. அடி என்பது ஆழம், கொள்ளளவு இல்லை. பேச்சிப்பாறையின் பரப்பு அகலமானது. அங்கே ஓரடி ஏறினால் வரும் தண்ணீர் பெருஞ்சாணியில் ஓரடிக்கு வருவதைவிட அதிகம். முக்கடல் பாசனத்துக்கு இல்லை, நாகர்கோவிலின் குடிநீருக்கு. மைனஸ் கணக்கில் அதன் மட்டம் வரத் தொடங்கினால் நகரத்தில் குழாய்த் தண்ணீர் நாள் தள்ளி வரும் என்று புரிந்துகொள்ளலாம்.

மழை அளவுப் பட்டியலும் அதோடு வரும். பாலமோர், பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, புத்தன் அணை என்று மலையோரப் பெயர்களில் எண் பெரிதாக இருந்து, அணைகள் ஏற்கெனவே நிறைந்திருந்தால் ஆபத்து மேற்கே. மறுகால் தண்ணீர் கோதையாற்றில் இறங்கும். முதலில் திற்பரப்பில் குளிக்கத் தடை போடுவார்கள். அடுத்து மூவாற்றுமுகம், பிறகு குழித்துறையின் தாழ்ந்த சப்பாத்துப் பாலம் மூழ்கும், அதற்கும் கீழே மங்காடு, வைக்கலூர், பருத்திக்கடவு வீடுகளில் தண்ணீர் ஏறும். திற்பரப்புத் தடை என்பது சுற்றுலாச் செய்தி மாதிரி தெரியும். கீழே ஆற்றோரம் குடியிருப்பவருக்கு அதுதான் முதல் மணி. சுருளகோடு, பூதப்பாண்டி, நாகர்கோவில் எண்கள் பெரிதாக இருந்தால் ஆபத்து பழையாற்றில். அதற்கு அணைகளோடு சம்பந்தமே வேண்டாம். பாண்டியன் கால் அடைத்திருந்தாலும் பழையாறு தன் சொந்த மழையிலேயே கரை தாண்டும். ஒழுகினசேரியையும் சுசீந்திரத்தையும் சுற்றித் தண்ணீர் நிற்பது இப்படித்தான். குளங்களின் மறுகால் எல்லாம் ஒரே நேரத்தில் பாய்ந்து அதோடு சேரும்போது நிலைமை இன்னும் மோசமாகும்.

கடைசியில் எல்லாம் பொழிமுகத்தில் வந்து நிற்க வேண்டும். ஆறு கடலில் சேரும் வாயைக் குமரிக் கடற்கரையில் பொழி என்பார்கள். கடல் அலை மணலைக் குவித்து வாயை மூடிவிடும். ஆற்றில் நீரோட்டம் வேகமாக இருக்கும் மாதங்களில்தான் அது திறந்திருக்கும். பொழி மூடிய நேரத்தில் மழை கொட்டினால் உள்ளே தண்ணீர் எதிர்த்து ஏறும், அப்போது மணலை வெட்டிப் பொழியைத் திறந்துவிட வேண்டியதுதான். மறுபக்கம், கோடையில் ஆற்றில் தண்ணீர் இல்லாமல் பொழி திறந்தே கிடந்தால் கடல்நீர் மேலே ஏறிவரும், கரையோரக் கிணறுகள் உவர்க்கும். குழித்துறை ஆற்றில் பரக்காணியில் தடுப்பணை கட்டியது இதைத் தடுக்கத்தான். மணக்குடியில் காயல், அலையாத்தி, பக்கத்தில் புத்தளம் உப்பளங்கள் எல்லாம் இந்த உப்பும் நன்னீரும் கலக்கிற இடத்தில் பிழைப்பவை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் மேலமணக்குடிக்கும் கீழமணக்குடிக்கும் நடுவில் இருந்த பாலம் அடித்துப் போனது. பிறகு கட்டிய பாலத்துக்குக் காமராஜர் அமைச்சரவையில் இருந்த லூர்தம்மாள் சைமன் பெயரை வைத்தார்கள்.

பாசனக் கணக்குக்கு வருவோம். வழக்கப்படி ஜூன் 1 முதல் பிப்ரவரி 28 வரை அணைத் தண்ணீர். அரசாணையில் வினாடிக்கு 850 கன அடி, 79,000 ஏக்கர் என்று போடுவார்கள். இங்கே நெல் போகத்துக்குப் பூ என்று பெயர். இரண்டு பூவுக்கும் பெயர் மலையாளக் கொல்லம் ஆண்டு மாதங்களிலிருந்து வந்தது: கன்னி மாதத்தில் அறுப்பது கன்னிப்பூ, கும்ப மாதத்தில் அறுப்பது கும்பப்பூ. தமிழ் மாதத்தில் புரட்டாசியும் மாசியும். தஞ்சைக்காரர்கள் குறுவை, சம்பா என்று பருவத்தையும் ரகத்தையும் பார்த்துப் பெயர் வைத்தார்கள். இங்கே அறுவடை மாதமே பெயர். அதனால் தாமதத்தின் விலையும் பெயரிலேயே தெரியும். தண்ணீர் மூன்று வாரம் தள்ளி வந்தால் கன்னிப்பூ கன்னியில் அறுபடாது, துலாத்துக்குப் போகும். ஐப்பசி மழை விழுந்து கதிர் சாயும், வைக்கோல் அழுகும். அதன் பின்னாலேயே நடும் கும்பப்பூவும் தள்ளிப்போய், பிப்ரவரி 28இல் மதகை அடைக்கும்போது பால்பிடிக்கும் பருவத்தில் நிற்கும். தண்ணீரை இன்னும் பத்து நாள் நீட்டிக் கொடுங்கள் என்ற கோரிக்கை ஏன் வருடா வருடம் வருகிறது என்றால், அது ஜூன் மாதத் தாமதத்தின் வட்டி.

தோவாளை சானலின் வால், மாவட்ட எல்லையைத் தாண்டி நிலப்பாறையிலிருந்து ராதாபுரம் கால்வாயாக நீள்கிறது. அங்கே 52 குளங்கள், 17,000 ஏக்கர். கோதையாற்றுத் தண்ணீர் இப்படித் திருநெல்வேலி மாவட்டத்திலும் பாய்கிறது. அதற்கு எவ்வளவு, எப்போது என்பதில் இரண்டு மாவட்ட விவசாயிகளுக்கும் தீராத வழக்கு.

மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் பட்டணங்கால். இதன் தண்ணீரைப் பறளியாற்றுக்கு மேலே தூக்கிக் கொண்டுபோவதற்காக 1966இல் கட்டியதே மாத்தூர் தொட்டிப்பாலம்: 28 தூண்கள், 1,240 அடி நீளம், ஏழரை அடி அகலம், ஏழு அடி ஆழத் தொட்டி. சுற்றுலாப் பயணிகள் அதைப் பாலமாகப் பார்க்கிறார்கள். அது ஒரு கால்வாய். இன்னும் மேற்கே போனால் நெய்யாறு இடதுகரைச் சானல். நெய்யாறு கேரளத்தின் ஆறு. மாநிலப் பிரிவினைக்கு முன்னால் ஒரே திருவிதாங்கூரின் தண்ணீராகத் திட்டமிட்டது, எல்லை வந்த பிறகு அண்டை மாநிலத் தண்ணீராகிவிட்டது. விளவங்கோட்டில் 9,200 ஏக்கருக்கு என்று சொன்ன அந்தத் தண்ணீர் 2004 முதல் வரவில்லை. சானல் இருக்கிறது, பெயர்ப் பலகை இருக்கிறது, உள்ளே காடு. கடற்கரையோரமாக அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய், சுருக்கமாக ஏவிஎம். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை படகுப் போக்குவரத்துக்காக 1860இல் தொடங்கியது; பத்மநாபசுவாமி, விக்டோரியா ராணி, மார்த்தாண்ட வர்மா மூவரையும் ஒரே பெயரில் அடைத்தார்கள். மண்டைக்காட்டோடு நின்றுவிட்டது. இந்த மாவட்டத்து நீர்ப் பெயர்களில் இதுதான் நீளமானது. தண்ணீர் இருப்பது துண்டுதுண்டாக.

மாவட்டத்தின் பெயருக்கும் இதே வினோதம் உண்டு. குமரி என்பது முனையின் பெயர். கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளின் கிரேக்கக் குறிப்புகளிலேயே கொமர், கொமரியா என்று வருகிறது. அங்கே நீராடித் துறவு பூண்டவர்களைப் பற்றியும் ஒரு குறிப்பு. உரைகாரர்கள் குமரியை ஆறு என்றும் சொன்னார்கள். இன்றைய கன்னியாகுமரி ஊரில் சொல்லிக்கொள்ளும்படி ஓர் ஆறும் கடலில் சேரவில்லை. பக்கத்து ஆறு மணக்குடியில். ஆனாலும் 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, தலைநகரம் நாகர்கோவிலாக இருந்தும், பெயர் முனைக்குப் போனது. நேசமணி தலைமையில் நடந்த திருவிதாங்கூர் தமிழர் போராட்டமும் 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூடும் இதற்கு முன்கதை. மாவட்டத்தின் தண்ணீர்க் கதையை முழுசாகச் சொல்லும் பெயர் வேண்டுமென்றால் கோதையாறு மாவட்டம் என்றுதான் வைத்திருக்க வேண்டும். எல்லாத் தாலுகாவுக்கும் அந்தத் தண்ணீர் ஏதோ ஒரு பெயரில் போகிறது. பின்னால் கிள்ளியூர், திருவட்டாறு தாலுகாக்கள் பிரிந்து இப்போது ஆறு தாலுகா.

நிலம் வாங்குபவர்களும் வழக்கு நடத்துபவர்களும் இந்தப் பெயர்களில் சறுக்கும் இடங்கள் சில. பழைய பத்திரத்தில் 'வடக்கு ஆறு' என்று எல்லை சொல்லியிருந்தால் அது இயற்கை ஆறாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, புத்தனாறாக இருக்கலாம். வெறும் 'புத்தனாறு' என்று இருந்தால் எந்தப் புத்தனாறு என்று கிராமத்தை வைத்து உறுதி செய்ய வேண்டும்: கல்குளம் தாலுகா என்றால் பெரும்பாலும் பத்மநாபபுரம் புத்தனாறு, நாஞ்சில் நாட்டுப் பக்கம் என்றால் நாஞ்சில்நாடு புத்தனாறு. 19ஆம் நூற்றாண்டுக் காகிதமானால் இரணியல் தனித் தாலுகாவாக வரும், திகைக்க வேண்டாம். வயல்தொகுதியை மேற்கே ஏலா என்பார்கள்; ஏலாவின் பெயரைப் பிடித்தால் எந்தக் குளத்துப் பாசனம், எந்தச் சானல் என்பது வந்துவிடும். 1956க்கு முந்தைய பத்திரங்கள் பல மலையாளத்தில், கொல்லம் ஆண்டில் இருக்கும். ஆண்டு மாற்றும்போது எல்லோரும் 825ஐக் கூட்டிவிடுகிறார்கள். அது பாதி சரி. கொல்லம் ஆண்டு சிங்கத்தில், அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. சிங்கம் முதல் விருச்சிகம் வரை 824ஐக் கூட்ட வேண்டும், மகரம் முதல் கர்க்கடகம் வரை 825. தனுவில் டிசம்பர், ஜனவரி இரண்டும் வருவதால் தேதியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கொல்லம் 1105 துலாம் என்றால் 1929. 1105 மகரம் என்றால் 1930. ஆற்றுப் புறம்போக்கு, சானல் புறம்போக்கு இரண்டும் வேறு வேறு சர்வே எண்ணில் இருக்கும். பத்திரத்தில் இருக்கும் ஆற்றின் பெயரை நம்பி முன்பணம் கொடுப்பதற்கு முன் பழைய சர்வே எண்ணுக்கு நேரான ரீசர்வே எண்ணையும், அதன் புலப்படத்தையும் எடுத்துப் பார்த்து, பக்கத்தில் ஓடும் தண்ணீரை அங்கே என்னவென்று வகைப்படுத்தியிருக்கிறார்கள் என்று பார்த்துவிடுங்கள்.